மொழியியல் கற்றவர்க்கு மலைநாட்டில் என்ன வேலை?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் காலம் நெருங்கிவிட்டால், அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலே ஆசிரியர் வீடுகளுக்கு வருவோர் தொகை பெருகிவிடும். மகனோ மகளோ கையிற் படிவத்துடன் பின்னே ஒதுங்கி நிற்க, தந்தையார் முன்னே வந்து, "எந்தப் பாடத்தப் படிச்சா சேர் வேலை கெடைக்கும்?" என்று கேட்பார். பொருளியல், புவியியல், அரசறிவியல் என்று நாம் அடுக்கும்வரை தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர், 'மொழியியல்' என்ற சொல் வந்ததும் முகத்தைச் சுளிப்பார். "தமிழுதான் நமக்குத் தெரியுமே! தெரிஞ்சதப் படிக்கவா சேர் மூணு நாலு வருசம் அனுப்புறது?" என்பார்.

கேள்வி நியாயமானதே. காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீட்டில் இக்கேள்வி எழாவிட்டால் அன்றோ வியப்பு! ஆயினும் அதற்கு நாம் கூறும் விடையும் தோட்டத்திலிருந்தே வருவதுதான். தேநீர் குடிக்கத் தெரிந்தவரெல்லாம் டீமேக்கர் ஆகிவிடுவதில்லை. கொழுந்து எத்தனை மணி நேரம் வாடவேண்டும், எப்போது அரைபடவேண்டும், எந்த நிறத்தில் அடுப்புக்குப் போகவேண்டும் என்பதை அறிந்தவனே டீமேக்கர். மொழியைப் பேசுவதற்கும் மொழி இயங்கும் விதத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இத்தகையதே.

மொழியியல் என்பது மேனாட்டார் கொண்டுவந்து இறக்கிய புதுச்சரக்கு என எண்ணுதல் வேண்டா. நாவும் இதழும் பல்லும் அண்ணமும் எவ்வாறு பொருந்த எந்த ஒலி பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துக் கூறுகின்றது. மொழிகளைக் குடும்பங்களாகப் பிரித்து ஒப்பிடும் முறைமையோ பிற்காலத்தது. 1786 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் வில்லியம் யோன்ஸ் என்பார் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஓரினத்தன என்று பேசினார். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816 இல் சென்னையிலிருந்த எல்லிசு எடுத்துரைத்தார். 1856 இல் கால்டுவெல் அதனைப் பெருநூலாக விரித்தார். இவ்வரலாற்றைப் பிள்ளைகள் பாடநூலிற் படித்துக்கொள்வர். நாம் நமது லயத்துக்கே வருவோம்.

'லயம்' என்ற இச்சொல் எங்கிருந்து வந்தது? இசையிலே வரும் லயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. குதிரை கட்டும் 'லாயம்' என்பதே சுருங்கி லயமாயிற்று, மனிதரை விலங்குபோல் அடைத்துவைத்ததால் அப்பெயர் வந்தது என்று மேடைகளிலே பேசக் கேட்டிருக்கிறோம். கேட்போர் உள்ளத்தை உருக்கும் விளக்கந்தான். உள்ளம் உருகியதால் மட்டும் சொற்பிறப்பு மெய்யாகிவிடாது. மொழியியல் மாணவன் வேறு வழியிற் செல்வான். வரிசையாய்க் கட்டிய குடியிருப்புகளை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றனர். இந்தியாவிற் படைவீரர் குடியிருப்புகளுக்கும் அதுவே பெயர். நம்மவர் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் இரண்டு விதமாகவும் சொல்லுகின்றனர். பேச்சுத் தமிழிலே சொல்லிறுதி 'ன்', 'ம்' ஆகிய இரண்டும் தேய்ந்து மூக்கொலியாய் நின்றுவிடுவதால், எழுதும்போது எது என்ற மயக்கம் உண்டாகும். நிலம் நிலன் ஆவதையும் கலம் கலன் ஆவதையும் கடைப்போலி என்று பள்ளியிற் படித்தோமே, அதே பாதைதான். இனி மாணவன் செய்ய வேண்டியது, பழைய தோட்டக் கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் முதலில் வந்த வடிவம் எது என்று தேடுவது. அவ்வாறு தேடப் பழகியவனுக்கு, நீதிமன்றத்திலோ செய்தித்தாள் அலுவலகத்திலோ எந்தக் கூற்றையும் சான்று கேட்டு ஏற்கும் பழக்கமும் தானே வந்துவிடும்.

இன்னும் இரண்டு சொற்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையிலே பெயர் பதிந்து வேலை பிரித்துவிடும் இடம் பிரட்டுக்களம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு பிரட்டு என்பர். தேயிலைச் செடியைத் தறித்துவிடும் வேலை கவ்வாத்து. தமிழகத்திலே 'கவாத்து' என்ற சொல் கிளை தறித்தலுக்கும் வழங்கும், படைப்பயிற்சிக்கும் வழங்கும். லயம், பிரட்டு, கவ்வாத்து என்று மூன்றையும் ஒருங்கே நிறுத்தினால் படைமுகாமின் வாடை அடிக்கின்றதல்லவா? தோட்டம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைச் சரித்திர ஆசிரியர் எழுதுமுன்னரே சொற்கள் எழுதி வைத்துவிட்டன.

வீட்டுக்குள்ளும் இப்படியே. பாண், சப்பாத்து, கதிரை என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. லயத்து அறையைக் குறிக்கும் காம்பராவும் அவர்களதே. வாசலில் உள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தரது. ஆனால் 'வந்துருச்சு', 'போயிருச்சு' என்று வினையை முடிக்கும்போது நம் பிள்ளை திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் நாவிலே கொண்டுவருகின்றது. சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் என்று வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் வந்துசேர்ந்தோரின் பேச்சுகள் ஒரே லயத்திற் கலந்து, இத்தீவின் சொற்களையும் சேர்த்துக்கொண்டு உருவானதே மலைநாட்டுத் தமிழ். இதனைக் 'கொச்சை' என்று ஒதுக்குவோர் நம்மிடையே இன்னும் உண்டு. வகுப்பறையிலே ஒரு பிள்ளை வாய் திறந்ததும் மற்றவை சிரிக்கும் காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதனால் வாய்மூடிப்போன பிள்ளை பின்னர் நேர்முகப் பரீட்சையிலும் வாய் திறப்பதில்லை. அச்சிரிப்புக்கு அறிவு வழியில் மறுமொழி தரவல்ல பாடம் மொழியியல் ஒன்றே. மலைநாட்டுப் பிள்ளை 'பேசினார்' என்றால் உரையாடினார் என்று பொருள். யாழ்ப்பாணத்திலே 'என்னைப் பேசிப்போட்டார்' என்றால் ஏசிவிட்டார் என்று பொருள். இரண்டுக்கும் தத்தம் ஒழுங்குண்டு. எழுத்துத் தமிழைக் கற்பிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைக் கற்பிக்க வீட்டுத் தமிழை இழிவுபடுத்தத் தேவையில்லை என்கிறோம்.

நமது பேச்சை முதன்முதலிற் புத்தகமாக்க முனைந்தோர் யாவர் என்று பார்த்தால் சிறிது மனம் கசக்கும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்பில் பெர்குசன் அச்சகத்தார் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துத் தமிழ் பழகுவதற்காக எழுந்தது அது. அதன் பெயர் 'இங்கே வா'. பின்னர் 1915 இல் வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். தலைப்புகளே போதும். கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயது இளைஞன், பேரன் பேத்தி கண்ட கிழவரைப் பார்த்துச் சொல்லக் கற்ற முதற்சொல் 'வாருங்கள்' அன்று, 'வா'. 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் இடையே அதிகாரமும் நெருக்கமும் எவ்வாறு குடிகொண்டுள்ளன என்பதை 1960 ஆம் ஆண்டில் பிரவுண், கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஐரோப்பிய மொழிகளை வைத்து ஆராய்ந்து புகழ்பெற்றனர். அவ்வாராய்ச்சிக்கு நம் பிரட்டுக்களத்தைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? பேராசிரியர் சுசீந்திரராசா, யாழ்ப்பாணச் சமூகத்திலே சாதியும் மொழியும் பின்னிக் கிடப்பதை 1978 இல் ஆங்கிலக் கட்டுரையாக எழுதி உலகறியச் செய்தார். மலைநாட்டுக்கு அத்தகைய பணியை ஆற்றுவதற்கு உரிமையும் காதும் உடையோர் இங்கே பிறந்த பிள்ளைகளே.

இதெல்லாம் அறிவுக்கு விருந்து. வயிற்றுக்கு என்ன என்று தந்தையார் மீண்டும் கேட்பார். கேட்கட்டும்.

1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. மறுவருடத்து 16 ஆவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் இடத்தை விரித்துரைத்தது. 1999 ஆம் ஆண்டிலே நுவரெலியா மாவட்டத்தில் அப்போதிருந்த ஐந்து பிரதேசச் செயலகப் பிரிவுகளும் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் நிருவாகம் நடைபெறவேண்டிய பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. 2007 இல் வெளியான 7 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு யூலை முதலாந் திகதியின் பின் சேரும் அரச ஊழியர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என விதித்தது. அதே ஆண்டில் மொழிக் கல்விக்கும் பயிற்சிக்குமென ஒரு தேசிய நிறுவகம் சட்டத்தினால் உருவாயிற்று. ஏட்டிலே இத்தனையும் உண்டு. நடைமுறையிலோ, கந்தோர் வாசலில் தமிழில் ஒரு படிவமின்றித் திரும்பிவரும் பெரியவர்களை இன்றும் காண்கிறோம். சட்டத்துக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள இந்த வெளியில்தான் வேலை கிடக்கின்றது.

மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் என்ற இரு தொழில்களை முதலிற் சொல்லவேண்டும். முன்னவர் எழுத்தைப் பெயர்ப்பவர். பின்னவர் பேச்சை அங்கேயே நின்று பெயர்ப்பவர். இரு மொழி தெரிந்தால் போதாதா, மொழியியல் எதற்கு என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒரு பெண் "அவன் அடிச்சானாம்" என்கிறாள். 'அடித்தான்' என்பதற்கும் 'அடித்தானாம்' என்பதற்கும் இடையிலே இருப்பது ஓரசை. ஆனால் அவ்வோரசையே, தான் கண்ணாற் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று அறிவிக்கின்றது. உரைபெயர்ப்பவர் அதை விழுங்கிவிட்டால், கேட்டவள் கண்டவளாகிவிடுகிறாள். ஒருவன் சிறைக்குப் போகவும் கூடும். சிங்களம் வடவிந்திய மொழியினத்தைச் சேர்ந்ததாயினும், பேச்சிலே 'லு' என்றோர் இடைச்சொல்லை இறுதியிற் சேர்த்து இதே பொருளைத் தருகின்றது. ஆங்கிலத்துக்கோ அத்தகைய உருபு இல்லை, தனிவாக்கியம் வேண்டும். இதை ஒருமுறை வகுப்பிலே கற்றவர் பிறகு மறக்கமாட்டார்.

'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் அவ்வாறே. கேட்பவரையும் உளப்படுத்துவது நாம். அவரை விலக்குவது நாங்கள். சிங்களத்தில் இரண்டுக்கும் 'அபி' என்ற ஒரே சொல். சம்பளப் பேச்சுவார்த்தையிலே தொழிற்சங்கத் தலைவர் 'நாங்கள் நட்டப்படுகிறோம்' என்றதை 'அபி' என்று பெயர்த்தால், கம்பனியாரும் சேர்ந்து நட்டப்படுவதாக அவர்கள் மகிழக்கூடும்! (இக்கட்டுரையில் நாம் 'நாம்' என்று எழுதுவது வாசகரையும் சேர்த்துத்தான், சிற்சில இடங்களில் வாசகர் விலகிநிற்க விரும்பினால் அவ்வாறே ஆகுக.)

இவ்விரண்டையும்விட நம் மக்களை நெடுங்காலமாக வருத்திவரும் மொழிச்சிக்கல் பெயரிலே உள்ளது. தமிழில் 'கோபால்' என்று எழுதினால் முதலெழுத்து ககரமே. அதை மெலிந்த ஒலியிலும் சொல்லலாம், வல்லோசையிலும் சொல்லலாம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவ்விரு ஒலிகளுக்கும் இரு வேறெழுத்துகள். பிறப்புப் பதிவில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், அடையாள அட்டையில் மற்றொருவர் வேறுவிதமாக எழுதுவார், ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில் மூன்றாமவர் மூன்றாவது விதமாக எழுதுவார். நாற்பது வருடம் மலையேறி இறங்கியவர் தம் பணத்தைப் பெறச் செல்லும்போது, மூன்று தாள்களிலும் உள்ளவர் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டியதாகின்றது. சிங்களத்தில் ழகரம் இன்மையால் பழனியம்மாள் படும்பாடு தனிக்கதை. தமிழ் ஒலிகளைச் சிங்கள, ஆங்கில எழுத்துகளில் ஒரே சீராக எழுதும் முறையை வகுப்பதும், பதிவு எழுதுவோர்க்கு அதைப் பயிற்றுவதும் ஒலியியல் கற்றவர் செய்யக்கூடிய தொண்டு. இதிலே இலக்கிய நயம் ஒன்றுமில்லை. ஓய்வூதியக் காசு இருக்கிறது.

பிற தொழில்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியர், பாடநூல் எழுதுவோர், அகராதி தொகுப்போர், பத்திரிகை, வானொலித் துறையினர் என்போர் முன்னரும் இருந்தனர். பேச்சு வராத குழந்தைக்கும், பாரிசவாதத்தாற் பேச்சிழந்த முதியவருக்கும் பயிற்சியளிக்கும் பேச்சுச் சிகிச்சை இன்று ஒரு தனித்தொழில். களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்திலே அதற்குப் பட்டப்படிப்பே உண்டு. அது விஞ்ஞானப் பட்டம். ஆகவே மொழியியல் மாணவர் நேரே அங்கே நுழைய முடியாது. எனினும் அதன் ஒரு தூண் மொழியியலே. தமிழிற் பயிற்சியளிக்க வல்லவர் கிடைப்பது மலைநாட்டுக் குடும்பங்களுக்கு எத்துணை அருமை என்பதை அனுபவித்தோர் அறிவர். கணினித் துறையிலும் வாயில் திறந்துள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரச ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பெயர்க்கும் கணினி முறையொன்றை ஆக்கினர். இயந்திரத்துக்குச் சந்தியும் வேற்றுமையும் யாரேனும் கற்றுக்கொடுக்க வேண்டுமன்றோ?

எங்கே கற்பது? களனியில் மொழியியலுக்கெனத் தனித்துறை உண்டு. யாழ்ப்பாணத்தில் மொழியியலும் ஆங்கிலமும் ஒரே துறையாக இணைந்து வளர்ந்தன. மலைக்கு அண்மையிலுள்ள பேராதனையிலே தமிழ்த்துறையினூடாக மொழியியல் பயில வழியுண்டு. கல்முனையிற் பிறந்து, ஆசிரியராய்ப் பணியாற்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே மொழியியலிற் கலாநிதிப்பட்டம் பெற்ற எம். ஏ. நுஃமான், யாழ்ப்பாணத்திலும் பின் பேராதனையிலும் கற்பித்தார். 1999 இல் அவர் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இக்காலத் தமிழை வைத்தே இலக்கணம் சொல்வது. மாணவர் கையில் இருக்கவேண்டிய நூல். அவர் கவிஞருங்கூட. திருகோணமலையைச் சேர்ந்த பேராசிரியர் சண்முகதாஸ் எடின்பரோவிலே பயின்று, யாழ்ப்பாணத்திற் கற்பித்து, யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவுடன் தமிழ், யப்பானிய உறவை ஆராய்ந்தார். ஓனோவின் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்றிலர். நாமும் ஏற்பதற்குத் தயங்குகிறோம். ஆயினும் ஒலிப்பயிற்சி ஒருவரைத் தோக்கியோ வரை கொண்டுசென்றது என்பது மெய்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடவேண்டும். மொழியியற் பட்டத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு நியமனக் கடிதம் தானாக வராது. தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் எழுதவும் பேசவும் வரவேண்டும். அப்போதுதான் மேற்சொன்ன கதவுகள் திறக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுட் பலர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு பழகிச் சிங்களத்தை இலேசாகப் பேசுவர், எழுதுவதற்கே அஞ்சுவர். அவ்வச்சத்தை உயர்தர வகுப்பிலேயே தீர்த்துக்கொள்வது நன்று. ஆங்கிலத்துக்கு அட்டனிலேயே திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் இருக்கின்றது.

கடலுக்கப்பால் நடந்ததையும் சிறிது நோக்கலாம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வடவிந்தியத் தொழிலாளரின் பல பேச்சுகள் கலந்து பிஜி இந்தி உண்டாயிற்று. அதையும் கொச்சை என்றே பேசுவோரும் கருதினர். 1977 இல் ரொட்னி மோக் அதற்கு முறையான பாடநூல் எழுதினார். 1987 இல் ஜெப் சீகல் தோட்டச் சூழலிலே மொழிகள் கலந்த வரலாற்றைத் தனிநூலாக்கினார். இன்னும் அண்மையில் நீலகிரியைப் பாருங்கள். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் நம் உறவினர் பலர் சென்று குடியேறிய அதே மலை. அங்கே சில நூறு பேர் மட்டுமே பேசிய, எழுத்தில்லாத தோடர் மொழியைக் கற்க 1935 இல் எமனோ என்னும் அறிஞர் வந்து ஏறக்குறைய மூன்றாண்டு அப்பகுதியிலே தங்கினார். அவர் பின்னர் பறோவுடன் சேர்ந்து 1961 இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியிலே தோடர் சொற்களும் தமிழ்ச் சொற்களும் சரியாசனம் பெற்றுள்ளன. நம் மலையிலே இத்தகைய பணிக்குக் கால்கோளிட்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாயிருந்த அவர், லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்த பாடல்களை 1983 இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என வெளியிட்டார். அவர் மொழியியல் கற்றவரல்லர்; காது கொடுத்துக் கேட்டவர்.

பல்கலைக்கழக அனுமதி வருமுன் மாதக்கணக்கிற் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் ஒரு வேலை கொடுப்பதுண்டு. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போய் அமரவேண்டும். காமன்கூத்துக் கதையைச் சொல்லச் சொல்லலாம். அந்தக் காலத்துக் கவ்வாத்துக் கத்தியைப்பற்றிக் கேட்கலாம். புதுச்சொல் வந்தால் சொல்லைமட்டும் எழுதாமல், அவர் சொன்ன முழுவாக்கியத்தையும் திருத்தாமல் எழுதவேண்டும். அவருடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தனர், இவர் எந்தத் தோட்டத்திற் பிறந்து எந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டார் என்பதைப் பக்கத்தின் ஓரத்திலும், எழுதிய திகதியை அதன் கீழும் குறித்துக்கொள்ளவேண்டும்.